அண்ணாச்சி கடை வாசல்படி

கருப்பட்டி விற்கிறவளுக்கு ரெண்டே பகையாளிகள்: எறும்பும் மழையும். எறும்பை மஞ்சள்தூள் தூவி ஓட்டிவிடலாம். மழையை எதைத் தூவி ஓட்டுவது? திருவனந்தபுரத்தில் அது வைகாசி பாதியில் இடவப்பாதி என்று ஒரு தடவை வரும், ஐப்பசியில் துலாவர்ஷம் என்று இன்னொரு தடவை வரும், நடுவில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகவும் வரும்.

எங்கள் கடை ஆரியசாலையில், தெரு தாழ்ந்து கிடக்கிற இடத்தில் இருக்கிறது. பழைய ஓட்டுக் கட்டிடம். வாசல் நிலை அவ்வளவு குட்டை. என் வீட்டுக்காரர் நெட்டையானவர், குனிந்துதான் உள்ளே போவார். கல்யாணம் ஆகித் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில், இந்த மனுஷன் எவ்வளவு பணிவாக இருக்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன். அது நிலை பழக்கிவிட்ட பணிவு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் தெருவுக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கடைக்குள் தண்ணீர் ஏறினால், அது வடிந்த கையோடு கொத்தனாரைக் கூப்பிட்டுத் தரையை ஒரு வரிசைக் கல் உயர்த்திவிடுவார்கள். தரை உயர்ந்தால் வாசலில் கூடுதலாக ஒரு படி வேண்டுமே? அந்தப் படி தெருவுக்குள் நீளும். நீளும் இடத்தில் மழைத்தண்ணீர் வடிகிற ஓடை இருந்தால், ஓடையின் மேலேயே உட்காரும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கடையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகும். உடனே பக்கத்துக் கடைக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுவார். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று எல்லோரும் ஆளுக்கொரு படியாக ஏறிக்கொண்டே போனார்கள். நாங்கள் மட்டும் ஏறவில்லை. தரையை உயர்த்தினால் என் வீட்டுக்காரர் தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும்.

தெருவிலேயே உயரமான படிகள் எதிர்க் கடை அண்ணாச்சியுடையவை. அவரும் எங்கள் சீமைக்காரர்தான். பாத்திரக் கடை. பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, எவர்சில்வர் அடுக்கு. இதையெல்லாம் தண்ணீர் என்ன செய்துவிடும்? துணியால் துடைத்தால் போச்சு. கரைந்து போகிற சரக்கு வைத்திருப்பவள் தரைமட்டத்தில் கிடக்கிறேன், கரையாத சரக்கு வைத்திருப்பவர் கோபுரம் மாதிரி படி கட்டி மேலே உட்கார்ந்திருக்கிறார். இதை நான் அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

சொன்னாலும் எங்களுக்குள் மனஸ்தாபம் கிடையாது. காலையில் கடை திறந்ததும் அத்தனை படியும் இறங்கி, தெருவைக் கடந்து வந்து, "தங்கச்சி, காப்பிக்கு ஒரு சில்லு" என்பார். அதுதான் எங்களுக்கு அன்றைய முதல் போணி. அவர் கை ராசியான கை என்று என் வீட்டுக்காரருக்கு அப்படியொரு நம்பிக்கை. மொத்த வியாபாரி லாரியோடு வந்து நின்றாலும், அண்ணாச்சி வந்து ஒரு சில்லு வாங்கிப் போகாமல் தராசைத் தொடமாட்டார்.

அண்ணாச்சியின் படிகளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சாமிகள் ஊர்வலமாக நகரத்துக்கு வரும். அதில் முருகன் ஆரியசாலைக் கோவிலில் தங்குவார். பல்லக்கு எங்கள் தெரு வழியாக வரும் சாயங்காலம் ஒரு மூட்டைகூட வெளியே இருக்காது. படுதாவை எல்லாம் சுருட்டிக் கட்டி, வாசலில் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றிக் காத்திருப்போம். எல்லாக் கடையையும் பார்த்துக்கொண்டே வருகிற முருகன், அண்ணாச்சி கடை வாசலில் மட்டும் நின்றுவிடுவார். தெருவே கண்கொட்டாமல் பார்க்க, அண்ணாச்சி மேல்படியில் நின்று சூடம் காட்டுவார். அதற்கப்புறம்தான் பல்லக்கு நகரும். வருஷா வருஷம் இது நடக்கும். "முருகன் நம்ம அண்ணாச்சிகிட்ட வெசாரிச்சுட்டுத்தான் கோவிலுக்குப் போவாரு" என்று நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அன்றைக்கெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கணும். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் ஒற்றை ஆள். அந்த ஒரு சாயங்காலத்தில் அவர் வீடு நிறைந்த மனுஷனாகத் தெரிவார்.

அந்தத் துலாவர்ஷத்தில் ராத்திரி முழுக்கப் பெய்த மழை விடிந்தும் விடவில்லை. நாங்கள் குடையோடு ஓடி வந்து பார்க்கும்போது கடைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மச்சில் ஏற்றியது போக, கீழே அடுக்கியிருந்த ஓலைச் சிப்பங்கள் எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாமல் மிதந்தன. கருப்பட்டி கரைந்து தெருத்தண்ணீரே காப்பி நிறத்தில் போனது. யாரோ விரலை முக்கி நக்கிப் பார்த்து, "நல்ல மதுரம் கேட்டியா" என்று சிரித்தான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போல வந்தது. அப்புறம் பல மாதம், தெரு முழுக்க எறும்பு. பாத்திரக் கடையிலும் எறும்பு, துணிக் கடையிலும் எறும்பு. அதில் மட்டும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஈரத் தரையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "ஏளா, எனக்கு மதி, போதும். ஊருக்கு வெளிய நேமத்துல ஒரு குடோன் பாத்து வச்சிருக்கேன். மேட்டு நிலம். இன்னொரு மழை இந்த நிலைக்குள்ள ஏறிச்சுன்னா, அங்க போயிருவோம்."

"அங்க போயி ஆர்கிட்ட விக்க? தென்னை மரத்துகிட்டயா?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் போனா என்ன, முழம் போனா என்ன?"

எனக்கு அந்தக் கடையை விட்டுப் போக மனசில்லை. வந்த புதிதில் மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாமல், யாராவது பேசினால் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன். சுமட்டுக்காரர்களிடம் மூட்டை இறக்கு கூலிக்குச் சண்டை போட்டுப் போட்டே மலையாளம் படித்தேன். இந்தத் தெருவில்தான் எனக்கு வாயே முளைத்தது. மேட்டு நிலத்தில் பூட்டிய குடோனுக்குள் உட்கார்ந்து யாரோடு பேசுவேன்? அழுகை வந்தது. ஆனால் அவர் முன்னால் அழவில்லை, எறும்பை விரட்டப் போய்விட்டேன்.

அடுத்து வந்த வெயில் மாதங்களில், வெள்ளத்தில் கெட்டுப்போகிற பழைய கடைத்தெருக்களைச் சீரமைக்க ஒரு திட்டம் வந்தது. எங்கள் தெருவும் அதில் உண்டு என்று கூட்டம் போட்டார்கள். தெருவைப் புதிதாக வரைந்து கொண்டுவந்தவள் ஒரு மலையாளப் பெண், கட்டிட வரைபடம் படித்தவள். திரையில் படம் காட்டினாள். பார்த்தால், எங்கள் தெருவே எனக்கு அடையாளம் தெரியவில்லை. வழவழப்பான தரை, பூந்தொட்டி, மர பெஞ்சு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெண் காப்பி குடிக்கிறாள்.

நான் எழுந்துவிட்டேன். "மோளே, அந்த பெஞ்சில முதல்ல உக்காரப் போறது மூட்டைதான். அதைவிடு. தண்ணி எங்க போகும்? அதைப் படத்துல காணோமே?"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் குறித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கடை வாசலில் வந்து நின்றாள். "சேச்சி, தண்ணி எங்க போகும்னு நமக்கு நோக்காம்" என்றாள். பார்ப்போம் என்கிறாள்.

ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: தண்ணீர் ஏறினால் நீங்கள் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒருவர் மகனை என்றார், ஒருவர் மைத்துனரை என்றார், ஒருவர் கொத்தனாரை என்றாரே பார்க்கலாம்! தெரு மேட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வருவது முதலில் தெரியும். தாழ்வில் இருக்கிற கருப்பட்டிக் கடைக்கு ஒரு போன் போடுவோம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. எதிர்க் கடை அண்ணாச்சி வாயிலும் வரவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் இல்லாத நேரம், அவள் ஒரு தண்ணீர் லாரியைத் தெரு மேட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். வாருங்கள், வேடிக்கை பார்க்கலாம் என்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டார்கள். வெயிலில் தண்ணீர் பளபளவென்று இறங்கி வந்தது. ஒவ்வொரு கடைப் படியிலும் முட்டி, விலகி, அடுத்த படிக்கு வந்தது. ஓடைக்குள் போக ஒரு சந்துகூட இல்லை, எல்லாவற்றின் மேலும் படி உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் அண்ணாச்சி கடைப் படியில் வந்து மோதி, அங்கே தேங்கிச் சுழன்று நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, தெருவைக் குறுக்கே கடந்து, எங்கள் நிலைக்குள் நுழைந்தது. வழி தெரிந்த விருந்தாளி மாதிரி நேராக உள்ளே போனது.

அந்தப் பெண் அண்ணாச்சியின் படியைக் காட்டினாள். தெரு இந்த இடத்தில்தான் ரொம்பக் குறுகிப் போயிருக்கிறது, ஓடையும் இதற்கு அடியில்தான் அடைந்து கிடக்கிறது என்றாள். எல்லாப் படிகளையும் சுவரோடு வெட்டிவிட்டு, வேண்டும்போது போட்டு எடுக்கிற மரப்படி வைக்கலாம், ஓடையைத் திறந்து இரும்புச் சல்லடை போடலாம், மேட்டில் பூட்டிக் கிடக்கிற கட்டிடத்தின் மாடியை எல்லோருக்கும் பொதுவாக எடுத்து, மழைக்காலத்தில் சரக்கு ஏற்றி வைக்கலாம். முறையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்ணாச்சி படியை எடுத்தா நாங்களும் எடுக்கோம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நல்ல தந்திரம். அண்ணாச்சி எடுக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் மேல்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "பாருங்க, என்ன வேணும்னாலும் செய்யுங்க. நான் தடை பறயல. ஆனா இந்தப் படியில கை வைக்கப் பிடாது. முருகன் வந்து நிக்கிற வாசல் இது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்லக்கு அங்கே ஏன் நிற்கிறது என்று அத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. தெரு அந்த இடத்தில் குறுகலாகிவிட்டது. தூக்கி வருகிறவர்கள் அந்தப் படியைத் தாண்ட, நின்று, ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி, தோள் மாற்றிப் போகவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. தண்ணீர் எங்கே தேங்கியதோ அதே இடத்தில்தான் முருகனும் தேங்கினார்!

நினைத்ததை அடக்கிவைக்கிற வாய் எனக்குக் கிடையாது. "அண்ணாச்சி, உங்க வாசல்ல நிக்கிறது முருகன்னா, என் கடைக்குள்ள வாரது ஆரு? அதையும் அவரு அனுப்பினதுன்னு சொல்லுங்க, நான் சூடம் காட்டி உள்ள கூப்பிடுதேன். படி மறிக்குதுன்னுதான் பல்லக்கு நிக்குது. உங்களை வெசாரிக்கதுக்கு இல்ல."

தெரு முழுக்கக் கேட்டது. அவர் முகம் சுண்டிவிட்டது. உள்ளே போய் ஷட்டரை இறக்கிவிட்டார்.

"உள்ளதைத்தானே சொன்னேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"உள்ளதுதான்" என்றார். "ஒத்த மனுஷன் கையில இருந்ததே அந்த ஒரு பெருமைதான்."

மறுநாள் அண்ணாச்சி சில்லு வாங்க வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் வீட்டுக்காரர் தராசைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு, முனகிக்கொண்டு போனார்கள். உச்சி வெயிலுக்குமேல் நானே எழுந்து போய் நிறுத்துக் கொடுத்தேன். எதிரே அவரும் கடை திறந்துதான் வைத்திருந்தார். காப்பியை என்ன போட்டுக் குடித்தாரோ, சீனி போட்டுக் குடித்திருப்பார். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது, அவர்மேலும் வந்தது. நேமம் குடோனின் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்க ஆரம்பித்திருந்தது. இடவப்பாதிக்கு அதிக நாள் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கடை திறக்க வந்தால், அண்ணாச்சி வெறுங்காலோடு தெருவில் நிற்கிறார். படிகளை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, பூ போட்டிருந்தார். பக்கத்தில் கொத்தனார், கையில் கடப்பாரை. அண்ணாச்சி சூடம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னவோ முணுமுணுத்தார். பிறகு கடப்பாரையைத் தானே வாங்கி மேல்படியில் ஓங்கி ஒரு போடு போட்டார். சில்லுதான் தெறித்தது. மூச்சு வாங்கக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து வந்தார்.

"தங்கச்சி, காப்பிக்கு ஒரு சில்லு."

என் வீட்டுக்காரர் எழுந்த வேகத்தில் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். நல்லதாக ஒரு பெரிய துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"சில்லுதானே கேட்டேன்? இது எதுக்கு இத்தனை?"

"பிடிங்க அண்ணாச்சி. மதி, மதி, பேசாதீங்க."

அவர் இடித்தபின் யாருக்கும் சாக்கு இல்லாமல் போனது. தெரு முழுக்கக் கடப்பாரைச் சத்தம். புழுதியில் வியாபாரம் படுத்துவிட்டது, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். ஓடையைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் எங்கள் பழைய பாவமெல்லாம் வெளியே வந்த மாதிரி இருந்தது. ஆனால் மழைக்கு முன்னால் ஓடை ஓடுகிற ஓடையாகிவிட்டது. பெஞ்சும் ஒன்று வந்தது. நான் சொன்னபடியே அதில் மூட்டைதான் உட்கார்ந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்து, "சேச்சி ஜெயிச்சு" என்றாள்.

இடவப்பாதி அந்த வருஷம் பேயாய்க் கொட்டியது. காலையில் என் போன் அடித்தது, மேட்டுக் கடைக்காரர். "தண்ணி இறங்குது, எடுக்கத் தொடங்கிக்கோங்க" என்றார். இப்போது அது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது, மேட்டில் இருப்பவர் தாழ்வில் இருப்பவருக்குச் சொல்லவேண்டும். நாங்கள் போவதற்குள் சுமட்டுக்காரர்கள் சிப்பங்களைப் பொது மாடிக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். அவர்களோடு அண்ணாச்சியும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சிப்பத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போனார். தண்ணீர் வந்தது. அண்ணாச்சி கடைக்கு முன்னால் ஒரு நொடியும் தேங்கவில்லை. சல்லடை வழியாக இறங்கி, கடகடவென்று போய்க்கொண்டே இருந்தது. எங்கள் நிலையின் அடியை நனைத்தது, உள்ளே வரவில்லை. என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குடோன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நவராத்திரி வந்தது.

சாமி வருகிற சாயங்காலம் வழக்கம்போல வாசலெல்லாம் விளக்கு. தெரு அகலமாகிக் கிடந்தது. ஜனம் தாராளமாக நின்றது. தூரத்தில் நாதஸ்வரம் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்: இந்த வருஷம் பல்லக்கு இங்கே நிற்குமா? அண்ணாச்சி தட்டில் சூடத்தோடு தன் வாசலில் நின்றார். ஏறி நிற்கப் படி இல்லை, தெரு மட்டத்தில் எங்களோடு நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை, பல்லக்கு வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்காது என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் தட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

பல்லக்கு மேட்டிலிருந்து இறங்கியது. மறிக்க ஒன்றும் இல்லாத தெருவில் தூக்குகிறவர்கள் வேகமாக நடந்து வந்தார்கள். ஒரு கடை தாண்டியது, அடுத்த கடை தாண்டியது. எங்கள் வாசலில் வைத்திருந்த கருப்பட்டித் தட்டையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு நான் நேராகப் போய்த் தெருவின் நடுவில், பழைய படி நீண்டிருந்த அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"சேச்சி, மாறு! மாறு!" என்று ஒதுங்கச் சொல்லிப் போலீஸ்காரர் கத்தினார்.

"சாமிக்கு நைவேத்தியம். கொடுக்காம மாறமாட்டேன்."

பல்லக்கு நின்றது. முன்னால் தூக்கி வந்தவர் என்னை முறைத்தார், முறைக்கட்டும். நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி அசையாமல் நின்றார், கண் நிறைந்து போய்.

"என்ன பாத்துட்டு நிக்கீங்க? கொளுத்துங்க அண்ணாச்சி!"

அவர் தீக்குச்சியைக் கிழித்தார். மழைக்காற்றில் அணைந்தது. இன்னொன்று கிழித்தார், அதுவும் அணைந்தது. பின்னாலிருந்து ஜனம் சத்தம் போட்டது, போலீஸ்காரர் என் தோளுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். சூடம் பற்றுகிற வரைக்கும் நான் நகரவே இல்லை.